மூன்றே முக்கால் மணிநேரத்து ஸ்பெகத்தி

கிள்ளானில் வந்து ரமணி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செங்கல் ரமணி என்று கேட்டால், போகிற லோரிக்காரர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார். இந்தப் புகழ் வந்து நான்கு வருடம் ஆகிறது. அவளாகக் கேட்டு வாங்கியது இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பழனியப்பன் மேடையில் நின்று, மைக்கில், இருநூற்றைம்பது பேர் முன்னால் கொடுத்தது.

பழனியப்பன் அறிவிப்பாளர். காதுகுத்து, நிச்சயதார்த்தம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் எதுவானாலும் வெள்ளைக் கோட்டும் சந்தனப் பொட்டுமாக வந்து மைக்கைப் பிடித்துக்கொள்வார். பதினைந்து நிமிடம் என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். செராஸில் ஒரு கல்யாணத்தில் அவர் பேச ஆரம்பித்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை, முடித்தபோது தானாக நடந்து போய்த் தண்ணீர் குடித்ததாக அதன் தாயார் சொல்கிறார். அந்த அம்மாள் பொய் சொல்கிறவர் அல்ல.

இந்த வட்டாரத்து மண்டபங்களில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. மேடையில் பேச்சு ஓயும்வரை சாப்பாட்டு மூடியைத் திறக்கக் கூடாது. சாப்பாடு ஆறுகிறது என்றால் சமையல் பொறுப்பில் இருப்பவர் அடுக்களைக் கதவோரம் வந்து நின்று கரண்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்ததும் மேடையில் இருப்பவர் ‘நேரத்தின் அருமை கருதி’ என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் மைக்கை வைத்துவிட வேண்டும். மைக் பிடிப்பவர்களும் சமையல்காரர்களும் சண்டையில்லாமல் பிழைப்பதே இந்தக் கரண்டியால்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் நெய்ச்சோற்றோடு ஸ்பெகத்தியும் வேண்டும் என்றார்கள். ரமணி சுங்கை வே தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் இருபது வருடம் சோறு வடித்தவள். ஸ்பெகத்தியை அதற்குமுன் பாக்கெட்டில் பார்த்ததோடு சரி. ஆனால் பார்க்க நீட்டுச் சோறு மாதிரித்தானே இருக்கிறது? குழைய வேகவைத்தாள். கஞ்சியை வடித்துச் சாக்கடையில் கொட்டினாள். பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினாள். பெரிய நீள்சதுரத் தட்டில் அமுக்கிப் பரப்பி, மூடி போட்டு, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டி, பிரியாணிக்குச் செய்வதுபோலவே அடியில் தீயை வைத்துத் தம் போட்டாள். இருபது நிமிடத்தில் பரிமாறியிருந்தால் தப்பித்திருப்பாள். அன்றைக்குப் பழனியப்பன் ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவள் கரண்டியைத் தூக்கினாள். பழனியப்பன் பார்த்தார். பார்த்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தை மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திருப்பிக்கொண்டு மேலே பேசினார். அவள் கையை மாற்றித் தூக்கினாள். மறுபடி மாற்றினாள். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் அவள் கரண்டி கீழே இறங்கவில்லை. தோள்பட்டையில் அன்றைக்குப் பிடித்த பிடிப்பு, மழை வருவதற்கு முந்தின நாள் இன்றும் அவளுக்குச் சொல்லிவிடும்.

கடைசியில் மூடியைத் திறந்து தட்டைக் கவிழ்த்தபோது ஸ்பெகத்தி ஒரே துண்டாக விழுந்தது. நான்கு மூலையும் கூராக, தட்டின் அடியில் இருந்த கம்பெனி முத்திரைகூட அதில் பதிந்திருந்தது. பழனியப்பன் அதை இரண்டு கையிலும் ஏந்தி மேடைக்குக் கொண்டுபோய் மைக்கால் தட்டினார். டொக், டொக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

“பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது!”

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. நீ ரொம்ப நேரம் பேசிவிட்டாய் பழனி என்று யாரோ ஒரு பெரியவர் முனகினார். அதற்கு அவர் மைக்கிலேயே பதில் சொன்னார்: “நான் என்ன செய்யட்டும்? கரண்டி தூக்கியிருந்தா அந்த வினாடியே நிறுத்தியிருப்பேனே! அந்தம்மா தூக்கவே இல்லையே!”

செங்கல்லை ரமணி ஒத்துக்கொண்டாள். அவள் வேகவைத்தது, அவள் தட்டு, அவள் மாவு. இறுகிப் போனது அவள் கைத்தவறுதான். ஆனால் கரண்டி? அந்தப் பொய்யை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த ஆள் அதே மாதிரி ஒரு மைக்கைப் பிடித்து, அதே வாயால், பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை செத்துப் போவதில்லை என்று முடிவு செய்தாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது.

பழனியப்பனோ அந்தப் பொய்யை ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார். போகிற மேடையெல்லாம் முதல் வசனம் இதுதான்: “கரண்டி தூக்கினா நிறுத்துவேன். தூக்காம நான் மைக்கை வச்சா என் பேரு பழனியப்பன் இல்ல!” ஜனங்கள் கைதட்டினார்கள்.

ரமணி ஸ்பெகத்தி படிக்க ஆரம்பித்தாள். பகலில் ஆர்டர் சமையல், சாயங்காலம் ஸ்பெகத்தி. ஒரே கேள்விதான்: வெந்த ஸ்பெகத்தியை எத்தனை நேரம் சூடாகவும் ஈரமாகவும் வைத்திருக்க முடியும்? தின்று பார்க்கிற வேலை பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் குமுதாவுக்கு.

“அண்ணி, எட்டு மாசமா இதையே தின்னுக்கிட்டு இருக்கேன். நேத்து எங்க வீட்டுக்காரரு என் கையைத் தொட்டுட்டு, ஏன் லா இப்படி வழுக்குதுன்னு கேக்குறாரு.”

“உப்பு போதுமா, அதைச் சொல்லு.”

“போதும். ஆனா இவ்வளவு கோவத்தோட சமைச்சா பண்டம் எப்படி அண்ணி மிருதுவா வரும்?”

“கோவம் அந்த ஆளுமேல இருக்கு. பண்டத்துமேல இல்ல.”

ஒரு வருடத்தில் முதல் உண்மையைக் கண்டுபிடித்தாள். சாக்கடையில் கொட்டிய கஞ்சித் தண்ணீர்தான் ஸ்பெகத்தியின் உயிர். அதைத் தனிக் குண்டானில் எடுத்துக் கொதி நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். அலசவே கூடாது. இரண்டாவது வருடத்தில் அடுத்தது: முக்கால் வேக்காட்டைத் தாண்டியதும், நடுவில் நூலளவு விறைப்பு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீதியை அது காத்திருக்கும் நேரத்தில் தானே வெந்துகொள்ளும். எடுத்ததும் கொஞ்சம் எண்ணெயும் இரண்டு கரண்டிக் குழம்பும் விட்டுப் புரட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. மூன்றாவது வருடத்தில் தீயை விட்டாள். ஸ்பெகத்திக் குண்டானை நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர் நிற்கும் பெரிய அண்டாவுக்குள் இறக்கினாள். மேலே இட்லித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து போர்த்தி, அதற்குமேல் மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். இருபது நிமிடத்துக்கு ஒருதடவை ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர். கிளறக் கூடாது. தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல அடியிலிருந்து மேலே தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது வருடம் பரீட்சை வைத்தாள். காலையில் ஒரு குண்டான் ஸ்பெகத்தியை வெந்நீர் அண்டாவோடு போர்ட் கிள்ளான் ஸ்டேஷனில் கம்யூட்டர் ரயிலில் ஏற்றி, மடியில் ஃப்ளாஸ்க்கில் கஞ்சித் தண்ணீரோடு தஞ்சோங் மாலிம்வரை போய், அதே ரயிலில் திரும்பினாள். சா ஆலாம் தாண்டுவதற்குள் பெட்டியில் இருந்தவர்களின் கண்ணாடியிலெல்லாம் ஆவி படிந்துவிட்டது. ரவாங் வரும்போது எதிர் இருக்கையில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாளுக்குப் பத்து வருட வறட்டு இருமல் நின்றுபோனது. திரும்பி வந்து இறங்கியதும் ஸ்டேஷன் காவலாளிக்கு ஒரு தட்டு கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, இப்போதுதான் இறக்கியதா, எந்தக் கடை என்று கேட்டார். ரமணி அன்றைக்குத்தான் நான்கு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். காவலாளி பயந்துவிட்டார்.

அந்த வாரமே நாராயணன் போன் செய்தார். அறிவிப்பாளர் சங்கத்துத் தலைவர், நல்ல மனிதர்.

“ரமணி, நம்ம பழனிக்கு இது ஆயிரமாவது மேடை. சங்கத்துல பாராட்டு விழா வைக்கிறோம். கிள்ளான்லதான், ஞாயித்துக்கிழமை மத்தியானம், நூத்தியெண்பது பேரு. சாப்பாடு நீதான் செய்யணும்னு அவனே சொல்றான்.”

“என்னையவா?”

“ஆமா. அதுவும்…” நாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஸ்பெகத்திதான் வேணுமாம். வேற எதுவும் வேணாமாம். மனசுல எதுவும் வச்சுக்காதம்மா. மேடையில ஒரு தமாஷுக்கு ஆகும்னு நெனைக்கிறான்.”

“வச்சுக்க என்னண்ணே இருக்கு,” என்றாள் ரமணி. “செஞ்சிடலாம்.”

போனை வைத்துவிட்டு குமுதாவைக் கூப்பிட்டாள். பெரிய கரண்டியை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்தாள்.

“என்ன அண்ணி, தூக்கப் போறீங்களா?”

“இல்ல. தூக்காம இருக்கப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் பழனியப்பன் ஏற்புரைக்கு எழுந்தார். வெறும் வயிற்றில்தான் குரல் கணீரென்று இருக்கும் என்பது அவர் கணக்கு; காலையிலிருந்து வெந்நீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. படம் நன்றாக விழ வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டிருந்தார். முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்குகள், அவரே சொல்லி வைத்தவை. முதல் வரிசையும் தூரத்து அடுக்களைக் கதவும் மங்கலாகத் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு.

“இன்னிக்கு சமையல் யாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். “நம்ம செங்கல் ரமணி! ஸ்பெகத்தி போட்டிருக்காங்க. நான் சட்டத்தை மாத்தறவன் இல்ல. கரண்டி தூக்கினாத்தான் நிறுத்துவேன். தூக்கலைன்னா சாயங்காலம்வரைக்கும் பேசுவேன். அந்தச் செங்கல்லை இன்னொரு தடவை பார்க்காம நான் வீட்டுக்குப் போறதில்ல!”

மண்டபம் சிரித்தது. ஆனால் பழையபடி இல்லை. காரணம் இருந்தது. அந்த நூற்றெண்பது பேரில், பழனியப்பன் பேசி ஆறிப்போன சோற்றைத் தங்கள் வீட்டு விசேஷத்தில் தின்னாதவர் ஒருவரும் இல்லை. குமுதா காலையிலிருந்தே மேசை மேசையாகப் போய் எல்லோர் காதிலும் ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு மணிக்கு அவள் பின்கதவைத் திறந்தாள். “முதல் மேசை, எந்திரிங்க. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கங்க அங்கிள். சத்தம் வரக் கூடாது.”

பத்துப் பேர் இருட்டோடு இருட்டாக நழுவிப் பின்பக்கத்துக் கொட்டகைக்கு வந்தார்கள். ரமணி துணியை விலக்கினாள். நெத்திலிச் சம்பல் போட்டுப் புரட்டிய ஸ்பெகத்தி, அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோலப் பளபளவென்று கிடந்தது. கரண்டியை விட்டுத் தூக்கினால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக வழுக்கி விழுந்தது. பத்துப் பேரும் சாப்பிட்டார்கள், வாயைத் துடைத்தார்கள், உள்ளே போய் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினார்கள். வயிறு நிறைந்தவன் கைதட்டலுக்குத் தனி ஓசை உண்டு. பழனியப்பன் உற்சாகமானார்.

பிறகு இரண்டாம் மேசை. பிறகு மூன்றாம் மேசை.

முதல் வரிசைதான் சிக்கல். அங்கே நாராயணன் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும், சாப்பிட்டு முடித்த ஓர் இன்சூரன்ஸ்காரர் குனிந்தபடியே வந்து அந்தப் பொன்னாடையை வாங்கிப் போர்த்திக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாத பழனியப்பனுக்குப் பொன்னாடைதான் தெரிந்தது. “தலைவர் அவர்களே!” என்று அவரை விளித்துக் கால் மணிநேரம் பேசினார். அன்றைக்கு அந்தப் பொன்னாடையை ஏழு பேர் போர்த்தினார்கள். அதில் ஒருவர் பெண்.

இரண்டு மணிக்குப் பழனியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணிநேரம். இந்நேரம் செங்கல் ஆகியிருக்க வேண்டும்.

“என்ன ரமணி! செங்கல் சூளை எப்படிப் போகுது?”

அவள் கதவோரத்துக்கு வந்தாள். கரண்டி இடது கையில் தொங்கியது. வலது கையின் இரண்டு விரலில் ஒரே ஓர் இழையைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள். அது மின்விசிறிக் காற்றில் ஆடியது. நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“பேசுங்கண்ணே. ஒண்ணும் அவசரமில்ல.”

மண்டபம் கைதட்டியது. பழனியப்பனும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. பிறந்து வளர்ந்த கதையை இரண்டாவது தடவை சொல்ல ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒரு தங்கை கூடுதலாகப் பிறந்தாள்.

இரண்டரைக்கு ரமணி கஞ்சித் தண்ணீர் விட்டாள், அடியிலிருந்து தூக்கிவிட்டாள், துணியை நனைத்துப் போர்த்தினாள். இரண்டு ஐம்பதுக்கு மறுபடி. குமுதா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

“அண்ணி, தொண்டை கட்டிடுச்சு. வயித்துச் சத்தம் மைக்கில கேக்குது. நெசமா, நான் யாரோ பின்னால லோரி ரிவர்ஸ் எடுக்குறாங்கன்னு நெனைச்சேன்.”

“தண்ணி இருக்கா மேடையில?”

“ஒரு போத்தல் இருக்கு.”

“இன்னொண்ணு கொண்டுபோய் வையி. பேச்சு நிக்கக் கூடாது.”

மூன்று மணிக்குப் பழனியப்பனிடம் சரக்கு தீர்ந்தது. திருக்கை மீன் கதை, தாய்லாந்து போன கதை, மாமனார் வீட்டுச் சேவல் கதை எல்லாம் மூன்று தடவை ஆகிவிட்டது. போர்ட் கிள்ளானிலிருந்து தஞ்சோங் மாலிம்வரை ரயில் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் அதையே தலைகீழாகச் சொன்னார். பிறகு மேடை ஓரத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரின் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கி, அதில் மலாயில் எழுதியிருந்த விதிமுறைகளை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துத் தமிழில் விளக்கமும் கொடுத்தார். ‘முதலில் ஊசியை இழுக்கவும்’ என்ற இடத்துக்குப் பெரிய கைதட்டல் கிடைத்தது. பத்தாம் மேசை அப்போதுதான் இரண்டாவது சுற்று முடித்துவிட்டு வந்திருந்தது.

“ரமணி!” குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “ஸ்பெகத்தி… எப்படி இருக்கு?”

ஓர் இழை. ஆடியது. சொட்டியது.

“அருமையா இருக்குண்ணே. நீங்க பேசுங்க.”

நான்கு மணிக்கு அவர் மைக் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாய்ந்தால் விழுந்துவிடுவார்போல இருந்தது. உட்காரலாம்; ஆனால் உட்கார்ந்தால் நிறுத்தியதாக ஆகிவிடும். கரண்டி தூக்காமல் நிறுத்தினால் தம் பெயர் பழனியப்பன் இல்லை என்று நான்கு வருடமாக மேடைக்கு மேடை சொல்லியாகிவிட்டது. எதிரே இருட்டில் இருப்பவர்கள் பொறுமையாக, பசிக்கிறது என்று ஒரு குரல்கூட எழுப்பாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, என்ன ஜனங்கள் இவர்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கடைசி மேசையில் ஒருவர் ஏப்பம் விட்டார்.

பேச்சு நின்றது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

“அன்னிக்கு,” என்றார் பழனியப்பன். “பிரிக்ஃபீல்ட்ஸ்ல. அந்த நிச்சயதார்த்தத்துல.”

ரமணி கதவோரத்துக்கு வந்தாள்.

“அவங்க கரண்டியைத் தூக்கினாங்க. நான் பார்த்தேன். ஒரு தடவை இல்ல. கையை மாத்தி மாத்தித் தூக்கினாங்க. பார்த்துட்டுத்தான் பேசினேன். கைதட்டல் நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு, நிறுத்த மனசு வரல. அப்புறம் பழியைத் தூக்கி அவங்கமேல போட்டுட்டேன். அந்தச் செங்கல்… அதுல பாதி நான் செஞ்சது.”

ஏழாவது ஆளாகப் பொன்னாடை போர்த்தியிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். அது சம்பல் காரமாகவும் இருக்கலாம்.

குமுதா ரமணியின் முழங்கையைப் பிடித்தாள். “அண்ணி, சொல்லிட்டாரு. நூத்தியெண்பது பேரு கேட்டாங்க. தூக்குங்க, பாவம்.”

“நானும் கேட்டேன்.”

“பின்ன என்ன?”

“குண்டான்ல எவ்வளவு இருக்கு?”

“ஒரு தட்டு. அவருக்குன்னு எடுத்து வச்சது.”

“கொண்டா.”

ரமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அடுக்களைக் கதவுக்கு நேரே, விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். நான்கு வருடமாகச் சமைத்துப் பார்த்தாளே தவிர, அவள் இதை ஒரு தட்டு முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. முள்கரண்டியை வாங்காமல் கையாலேயே எடுத்தாள். ஓர் இழையை எடுத்து, மேலே தூக்கி, நீளம் பார்த்து, வாயில் விட்டாள். மென்றாள். அடுத்த இழை.

மேடையிலிருந்து பழனியப்பனுக்கு அவள் முகம் தெரியவில்லை. கை மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவள் முகம், தட்டு, இழை எல்லாமே தெரிந்தது.

“ரமணி… தங்கச்சி…” மைக்கிலேயேதான் கேட்டார். “தயவு பண்ணி அந்தக் கரண்டியைக் கொஞ்சம் தூக்கும்மா.”

அவள் தலையை ஆட்டினாள், கேட்டது என்பதற்கு அடையாளமாக. இன்னோர் இழையை எடுத்தாள். சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. உப்பு சரி. நெத்திலி கொஞ்சம் தூக்கல், அடுத்த தடவை குறைக்க வேண்டும். தட்டை வழித்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக நக்கி, தண்ணீர் குடித்து, தட்டைக் குமுதாவிடம் கொடுத்தாள். பதினோரு நிமிடம் ஆயிற்று என்று நாராயணன் பிறகு சொன்னார். அவ்வளவு நேரமும் பழனியப்பன் பேசிக்கொண்டேதான் இருந்தார். என்ன பேசினார் என்று ஒருவருக்கும் நினைவில்லை, எல்லோரும் அவள் சாப்பிடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி நாலேகாலுக்கு அவள் எழுந்து நின்று கரண்டியைத் தூக்கினாள். தோள்பட்டை வலிக்கவில்லை.

“நேரத்தின்…” என்றார் பழனியப்பன். மீதி வரவில்லை. “சாப்பாடு தயார். எல்லாரும் வாங்க.”

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் எங்குமே இல்லை. அவர் மறுபடியும் சொன்னார். முதல் வரிசையில் இருந்த நாராயணன்தான் சங்கடத்தோடு எழுந்தார்.

“நாங்க சாப்பிட்டாச்சு, பழனி. ரெண்டு தடவை ஆச்சு. நீ இறங்கி வா.”

அவர் இறங்கி வந்தார். மேசைகளுக்கு நடுவே நடந்தபோது ஒவ்வொருவரும் மரியாதையாக வழி விட்டார்கள். அடுக்களையில் ரமணி குந்தி உட்கார்ந்து குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதில் ஒட்டிய இழை ஒன்றுகூட இல்லை. ஒட்டாமல் செய்வதுதானே வித்தை.

பழனியப்பன் குண்டானை எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இத்தனை நடந்தும் பழக்கம் விடவில்லை; மேடையை விட்டு இறங்கியதும் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

“பேச்சு எப்படிம்மா இருந்துச்சு?”

ரமணி தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள்.

“கடைசியில ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சுண்ணே.”